வெட்பாலை எண்ணெய், கரப்பான், காளாஞ்சகப்படை: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செங்கோட்டையில் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு நாலு பேராவது சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்பார்கள். புளியரை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று அங்கிருந்து வருகிறவர்களும் நிறைய. நான் வைத்தியர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு விற்கிறவன், அவ்வளவுதான். ஆனால் 24 வயதிலிருந்து இரண்டு முழங்கையிலும் தலையிலும் காளாஞ்சகப்படையோடு குடித்தனம் நடத்துகிறவன், இப்போது 43. கேட்கிறவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஒரே பதிலைத் தினமும் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

கரப்பான், காளாஞ்சகப்படை, படர்தாமரை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, மூன்றும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது.

காளாஞ்சகப்படை என்று சித்த வைத்தியத்தில் சொல்வதைத்தான் தோல் டாக்டர் சோரியாசிஸ் என்கிறார். மேல்தோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிரச் சாதாரணமாக நாலு வாரம் ஆகும். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தப்பான சைகை கொடுத்து அந்த வேலையை நாலைந்து நாளில் முடிக்கச் சொல்கிறது, அதனால் தோல் அடுக்கடுக்காகத் தடித்து வெள்ளிச் செதிலாக உதிர்கிறது. ஓரம் கோடு கிழித்த மாதிரி தெளிவாக இருக்கும். முழங்கை, முட்டி, தலை, இடுப்புக்குப் பின்பக்கம், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். கரப்பான் என்பது எக்சிமா, மலையாளத்திலும் கரப்பன் என்றுதான் சொல்கிறார்கள். அதில் தோலின் காப்பு பலவீனமாகி ஈரம் வெளியே போய்விடுகிறது. அரிப்பு முதலில் வரும், சொறிந்த பிறகுதான் தடிப்பு. குழந்தைகளுக்குக் கன்னத்திலும் பெரியவர்களுக்கு முழங்கை மடிப்பிலும் முட்டி மடிப்பிலும் வரும். படர்தாமரை வெறும் பூஞ்சை. வட்டமாகப் பரவும், நடுவில் தெளிந்து ஓரம் மட்டும் சிவந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிக்கிறது, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது சொறி. தோலுக்குள் புகுந்த பூச்சி அது, ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது.

பூஞ்சையா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். முதல் தடவை எதுவானாலும் ஒரு தோல் டாக்டரிடம் காட்டி, பெயர் தெரிந்துகொண்டு வாருங்கள். எண்ணெய் எங்கேயும் ஓடிப்போகாது.

தொட்டால் ஒட்டுமா?

சொறியும் படர்தாமரையும் ஒட்டும். கரப்பானும் காளாஞ்சகப்படையும் ஒட்டவே ஒட்டாது. என் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தோல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. முடிவெட்டப் போன இடத்தில் என் தலையைப் பார்த்துவிட்டு, "கடை மூடுற நேரமாச்சு அண்ணாச்சி" என்று சொன்னவர்கள் உண்டு, காலை பத்து மணிக்கு.

வெட்பாலை எண்ணெய் நிஜமாகவே வேலை செய்யுமா, இல்லை விற்பதற்காகச் சொல்கிறீர்களா?

விற்பதற்காகவும்தான். ஆனால் கேளுங்கள்.

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். இலைக்குள் அவுரியில் உள்ளது மாதிரியே நீலச்சாயத்துக்கான பொருள் இருப்பதால்தான் அந்த நிறம். அதோடு இண்டிருபின் என்ற ஒன்றும் உண்டு. சீன வைத்தியத்தில் வேறு நீலச்செடிகளிலிருந்து சிங் தாய் என்று ஒரு பொடி எடுக்கிறார்கள், அதிலும் இந்த இண்டிருபின்தான் முக்கியமான சரக்கு. தைவானில் 42 சோரியாசிஸ் நோயாளிகளுக்கு உடம்பின் ஒரு பக்கத்தில் அந்தப் பொடி கலந்த களிம்பையும் மறுபக்கத்தில் மருந்தில்லாத களிம்பையும் 12 வாரம் போட்டுப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். 31 பேருக்கு மருந்து போட்ட பக்கம் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ தெளிந்தது. தோல் செல்கள் கண்டபடி பெருகுவதை அது கட்டுப்படுத்துகிறது என்கிறார்கள்.

அப்படியானால் நம் எண்ணெயும் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று அர்த்தமா? இல்லை. அது அளந்து தயாரித்த களிம்பு. நம் பாட்டிலில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது இலையைப் பொறுத்தது, மாதத்தைப் பொறுத்தது, செய்கிறவன் சோம்பேறித்தனத்தையும் பொறுத்தது. மத்திய அரசின் சித்த ஆராய்ச்சியில் சென்னையில் உருவான 777 எண்ணெயும் இதே வெட்பாலை, இதே தேங்காய் எண்ணெய்தான். என் அனுபவம் கேட்டால், செதில் குறையும், வெடிப்பு ஆறும், அரிப்பு அடங்கும், சிவப்பு மட்டும் மெதுவாகத்தான் போகும். ஆறு வாரத்துக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்காதீர்கள். முழங்கையில் தடிப்பு ரொம்பக் கனமாக இருந்தால் எண்ணெய் உள்ளேயே இறங்காது, முதலில் குளித்து ஊறவைத்துச் செதிலை இளக்க வேண்டும். பீர்க்கங்கூட்டைப் போட்டு உரசித் தேய்க்காதீர்கள். சோரியாசிஸ் உள்ளவர் தோலில் காயம் பட்ட இடத்தில் புதிதாக ஒரு படை முளைக்கும். கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் 1872இலேயே இதைச் சொல்லிவிட்டார். என் அம்மாவுக்கு இன்னும் ஒப்பவில்லை, "அழுக்கை நல்லா தேய்ச்சாதான்ல போகும்" என்பாள்.

வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக. எனக்கு வியாபாரம் போகும், பரவாயில்லை.

இலையைப் பறித்து, கழுவி, ஒரு ராத்திரி நிழலில் துணிமேல் பரப்பி ஈரம் வாட்டிவிடுங்கள். இந்தப் படியை விட்டவர்கள்தான் பத்து நாள் கழித்து "அண்ணாச்சி, எண்ணெயில பூசணம் பூத்திருச்சு" என்று வருவார்கள். அப்புறம் கையால் கிழித்துப் போடுங்கள். இரும்புக் கத்தி படக் கூடாது என்று அப்பா சொல்வார், காரணம் கேட்டால் முறைப்பார், நானும் அப்படியே கிழித்துத்தான் போடுகிறேன். வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் இலையைத் தளர்வாக நிரப்பி, இலை மூழ்கும்வரை செக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். இதற்கு சூரிய புடம் என்று பெயர். நல்ல வெயிலானால் முதல் நாள் சாயங்காலமே ஊதா இறங்க ஆரம்பிக்கும், ஒரு வாரத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் கருநாவல் பழச்சாறு மாதிரி இருக்கும். வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல் காலத்தில், அதாவது ஆனி ஆடியில், இங்கே செய்யவே வேண்டாம். வெயில் வராது, இலை அழுகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பங்குனி சித்திரையில் ஒரு வருஷத்துக்குச் செய்துவைத்துவிடுகிறோம். மார்கழியில் எண்ணெய் உறைந்துவிட்டது என்று போன் போடாதீர்கள், தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும். இன்னொன்று, வெள்ளைச் சட்டை வேண்டாம், தலையணை உறையும் பழையதாக இருக்கட்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது, அதுதானா?

பாலை என்று ஏழெட்டு மரத்துக்குப் பெயர். ஏழிலைப்பாலை வேறு, ஒரே கணுவில் சுற்றிலும் ஏழு இலை வரைக்கும் இருக்கும், சுலபமாகத் தெரிந்துவிடும். குழப்புவது குடசப்பாலைதான், அதற்கும் வெள்ளைப் பூ, அதற்கும் ஒடித்தால் பால். காயைப் பாருங்கள். வெட்பாலையில் இரட்டைக் காய் முருங்கைக்காயைச் சின்னதாக்கின மாதிரி தொங்கும், இரண்டின் நுனியும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையில் நுனி ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும். காய் இல்லாத காலத்தில் நாலு இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வையுங்கள், நீலம் வராவிட்டால் அந்த மரம் இல்லை. மலையாளத்தில் தந்தப்பாலை என்று கேட்டால் காட்டுவார்கள். மரம் யானைத்தந்தம் மாதிரி வெளுப்பாக, வழுவழுப்பாக இருக்கும், கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மை கடைவது இந்த மரத்தில்தான்.

கேரளா எண்ணெய் ஒசத்தியா, நம்ம ஊர் எண்ணெய் ஒசத்தியா?

செங்கோட்டைக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, தாத்தாவின் கணக்கு நோட்டில் பாதி மலையாளம். மருந்துகளும் அப்படித்தான். நாம் அருகம்புல் தைலம் என்பதும் அவர்கள் தூர்வாதி கேரம் என்பதும் ஒரே புல்லை வைத்துத்தான். கேரம் என்று வந்தால் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நால்பாமராதி என்பது ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நாலு மரப்பட்டையும் மஞ்சளும் சேர்ந்தது; அங்கே குழந்தைகளுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள், வறண்ட கரப்பானுக்கு இதமாக இருக்கும். ஏலாதி கேரம் அரிப்புக்குப் பேர் போனது. ஆனால் ஏலக்காய், வாசனைப் பட்டை என்று மணச்சரக்கு நிறைய, சிலருக்கு அந்த வாசனையே ஒவ்வாமை கொடுத்துவிடும். அதனால் எந்த எண்ணெயானாலும் முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள். மூலிகைக்கு ஒவ்வாமை வராது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

கைக்குழந்தைக்குக் கரப்பான். வெறும் தேங்காய் எண்ணெய் போதுமா?

லேசாக இருந்தால் பல குழந்தைகளுக்குப் போதும். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் சுத்தமான தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் எட்டு வாரம் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள், தேங்காய் எண்ணெய் நன்றாகவே ஜெயித்தது. குளித்து மூன்று நிமிஷத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் வறட்சியைப் பூட்டி வைத்த மாதிரி. துபாயிலிருந்து மாமா அனுப்பிய ஆலிவ் ஆயிலைக் குழந்தைக்குப் போடாதீர்கள், அது தோலின் காப்பைக் கெடுக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். பயத்தமாவு, நலங்குமாவு எதுவும் வெடித்த தோலில் வேண்டாம், உறுத்தும். மேலே மஞ்சள் நீர் கசிந்து பொருக்குத் தட்டினால் கிருமி சேர்ந்துவிட்டது, அதற்கு எண்ணெய் இல்லை, ஆஸ்பத்திரிதான்.

ஒரு வார்த்தை. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வாந்தி, மயக்கம், வலிப்பு என்று போய் உயிரே போன குழந்தைகள் உண்டு. எங்கள் கடையில் குழந்தைக்கு என்று சொல்லி வேப்பெண்ணெய் கேட்டால் தரமாட்டேன், சண்டை போட்டாலும்.

கற்றாழை? மஞ்சள்? குப்பைமேனி?

கற்றாழைக்கு 1996இல் வந்த ஓர் ஆய்வு பிரமாதம் என்றது, 2005இல் டென்மார்க்கில் செய்த இன்னொன்று வெறும் களிம்பைவிட ஒன்றும் மேல் இல்லை என்றது. குளிர்ச்சிக்குப் போடுங்கள், மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு. மஞ்சள் தோலுக்குள் சரியாக இறங்காது, துணியில் நன்றாக இறங்கும். குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துச் சிரங்குக்குப் பூசுவார்கள், வெடித்த கரப்பானில் பூசினால் அலறுவீர்கள்.

கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னார்களே?

யார் சொன்னது? கார்போகரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது, அது வெயிலைத் தோலுக்குள் பல மடங்கு கூட்டிவிடும். அந்தச் சோரலென் வகை மருந்தையே மாத்திரையாகக் கொடுத்து, அளந்த ஒளியில் நிற்க வைக்கும் சிகிச்சை 1974இல் அமெரிக்காவில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. ஆக நம் ஆட்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் அங்கே ஒளியை நொடிக்கணக்கில் அளக்கிறார்கள், இங்கே நாம் மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் "பத்து நிமிஷம்" என்று நின்று, பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் அரை மணி நேரம் ஆகி, மறுநாள் கொப்புளத்தோடு வருகிறோம்.

இதோடு சேர்த்து இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். சேராங்கொட்டைப் பால், எருக்கம்பால், முந்திரித் தோட்டெண்ணெய். கொல்லம் பக்கம் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவது எதற்கு? அந்தத் தோட்டெண்ணெய் தோலை வேகவைத்துவிடும். சேராங்கொட்டையும் அதே குடும்பம், சலவைக்காரர் துணியில் குறிபோடும் மை அது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படையைச் சுட்டெடுக்கிறேன் என்று இவற்றை வைத்தால் சுட்ட புண் ஆறி, அதே இடத்தில் படை இன்னும் பெரிதாக வரும்.

மூன்றே நாளில் மறைய வைக்கும் மூலிகைக் களிம்பு ஒன்று கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது. நானே போட்டிருக்கிறேன்.

29 வயதில், கல்யாணத்துக்குப் பெண் பார்த்த சமயம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பச்சை நிறக் களிம்பை லேபிள் இல்லாத டப்பாவில் கொடுத்தார், நூறு சதவீதம் மூலிகை என்றார். மூன்றாம் நாள் முழங்கை சுத்தம். நாலு மாதம் போட்டேன், கல்யாணமும் முடிந்தது. டப்பா தீர்ந்து நிறுத்தின இரண்டாவது வாரம், கையில் மட்டும் இருந்தது முதுகு, வயிறு, தொடை என்று கொட்டியது, நெருப்பு வைத்த மாதிரி. தோல் டாக்டர் டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, என் முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து நரம்பு தெரிந்ததைப் பார்த்தே ஸ்டீராய்டு என்றார். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை, லண்டனில் தோல் டாக்டர்கள் நோயாளிகள் கொண்டுவந்த 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 1999இல் எழுதினார்கள், எட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது.

ஸ்டீராய்டு விஷம் என்று சொல்ல வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று சொல்லிப் போட்டால் அது நல்ல மருந்து. ஒளித்து வைத்துக் கொடுப்பதுதான் அயோக்கியத்தனம். இலை எதுவும் மூன்று நாளில் படையை மறைக்காது. மறைந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. படர்தாமரையில் இதைப் போட்டால் அரிப்பு அடங்கி, பூஞ்சை மட்டும் உள்ளே சத்தமில்லாமல் பரவும்.

டாக்டர் மருந்தோடு சேர்த்துப் போடலாமா?

நேரத்தைப் பிரித்துப் போடலாம், காலையில் அது, ராத்திரி இது. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒளி சிகிச்சை எடுக்கிறவர்கள் போகும் நாளில் கருநீல எண்ணெய் பூசிக்கொண்டு போக வேண்டாம்.

இரண்டு வைத்தியமும் எதிரி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. பிரேசில் மரம் ஒன்றின் தண்டுக்குள்ளிருந்து எடுத்த ஒரு மஞ்சள் பொடி போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து, கோவா பொடி என்ற பெயரில் இந்தியாவில் படர்தாமரைக்கு விற்றது. அது சோரியாசிஸுக்குக் கேட்கிறது என்று 1870களில் லண்டனில் ஸ்குவயர் என்ற டாக்டர் கவனித்தார். அதன் சரக்கைக் கொஞ்சம் மாற்றி 1916இல் ஜெர்மனியில் செய்ததுதான் டித்ரனால், தோல் டாக்டர்கள் பல தலைமுறை எழுதிக்கொடுத்த மருந்து. அதுவும் துணியில் கறைதான்.

தலையில் இருக்கிறது, அதே எண்ணெய் போடலாமா?

காளாஞ்சகப்படை என்று உறுதியானால் ராத்திரி தடவிக் காலையில் அலசலாம். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் செதில், மூக்கோரத்திலும் புருவத்திலும் அதே மாதிரி என்றால் அது வேறு வகைப் பொடுகு, அதில் பங்கு இருக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. ஊற்ற ஊற்றக் கூடும்.

குற்றாலத்தில் குளித்தால் போகுமா?

மனசு லேசாகும். படை போகாது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடத் தடை இருக்கிறது, அதனால் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

கத்திரிக்காய், கருவாடு விட வேண்டுமா?

அப்பா விடச் சொல்வார். நான் கருவாடு தின்றும் பார்த்திருக்கிறேன், விட்டும் பார்த்திருக்கிறேன், முழங்கை கண்டுகொள்ளவில்லை. உங்களுக்கு ஏதாவது தின்றால் கூடுகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் விடுங்கள். சாராயமும் பீடி சிகரெட்டும் உடம்பு எடையும் மட்டும் சோரியாசிஸைக் கூட்டும், இதில் சந்தேகமே இல்லை. அதைச் சொன்னால் பாதிப் பேர், "கத்திரிக்காயை வேணா விட்டுர்றேன் அண்ணாச்சி" என்கிறார்கள்.

எப்போது எண்ணெயை வைத்துவிட்டு ஓட வேண்டும்?

காலையில் எழுந்ததும் விரல் மூட்டோ குதிகாலோ விறைத்து வலித்தால், விரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கினால். தோல் நோய் மூட்டுக்குள் போகிறது, விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும், வெளிப்பூச்சு அதற்கு எட்டாது. உடம்பு முழுக்கச் சிவந்து குளிர் எடுத்தால், சீழ்க்கொப்புளம் கூட்டமாக வந்து காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. பிரஷர் மாத்திரைகளில் சில வகை, லித்தியம், குளோரோகுயின் போன்றவை ஆரம்பித்த பிறகு படை கூடினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, முறையாகப் பார்ப்பார்கள். பாதரசம், கந்தகம் சேர்ந்த உள்மருந்தைப் பெயர் தெரியாதவரிடம் வாங்கிச் சாப்பிட்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழுசாகக் குணமாகுமா?

கரப்பான் நிறையக் குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். காளாஞ்சகப்படை அடங்கும், வருஷக்கணக்கில்கூட அடங்கும், பிறகு ஒரு தொண்டைக் காய்ச்சலோ ஒரு கவலையோ வந்தால் எட்டிப் பார்க்கும். எனக்கு இப்போது இடது முழங்கையில் எட்டணா அளவுதான் இருக்கிறது.

எண்ணெயைப் பார்சலில் அனுப்புவீர்களா?

இல்லை. இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் பாட்டில் கசிந்து, அடுத்தவர் பார்சலில் இருந்த வேட்டி ஊதாவாகிவிட்டது. நேரில் வாருங்கள், முழங்கையைப் பார்க்காமல் நான் கொடுப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை கடை விடுமுறை.